எழும்பச் சொல்லாத கோப்பிக் கடை

நீங்கள் கேட்டது இது. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், நீங்களும் மனைவியுமாக ஒரு சிறிய கோப்பிக் கடை திறக்கப் போகிறீர்கள். கவிதை வாசிப்பு, ஓவியக் கண்காட்சி, சின்னச் சின்ன இசை நிகழ்ச்சிகள் நடத்தி, அக்கம்பக்கத்துத் தமிழ்ச் சனம் வந்து கூடுகிற இடமாக அதை ஆக்க ஆசைப்படுகிறீர்கள். கொழும்பில் இது நடக்குமா, எதில் தொடங்குவது, என்ன கோப்பி கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நடக்கும், தம்பி. சிநேகிதர் ஒருவரின் கோப்பிக் கடையில் பதினொரு வருடம் மாலைக் கூட்டங்களை ஒழுங்கு செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கட்டடம் கைமாறி அந்தக் கடை இப்போது இல்லை. ஆனால் அங்கே தொடங்கிய இரண்டு வாசிப்பு வட்டங்கள் இன்னும் வீடுகளில் நடக்கின்றன. அதனால் உங்கள் யோசனையைக் கேட்டதும் எனக்கு உண்மையிலேயே சந்தோசம்.

நிகழ்ச்சிகளைக் கடைசியில் யோசியுங்கள். முதலில் கதிரையைப் பற்றி ஒரு முடிவுக்கு வாருங்கள். ஒரு கோப்பி வாங்கிய ஆள் எவ்வளவு நேரம் இருக்கலாம்? இதற்கு நீங்கள் சொல்லப் போகிற பதில்தான் உங்கள் கடை என்ன மாதிரிக் கடை என்பதைத் தீர்மானிக்கும்.

கொழும்புத் தமிழருக்குச் சாப்பாட்டுக் கடைக்குக் குறைவில்லை. ஞாயிறு காலை ஏதாவது ஒரு சைவக் கடைக்குள் போய்ப் பாருங்கள். தோசையில் பாதி சாப்பிடும்போதே உங்கள் கதிரைக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நிற்கும். வடை வருவதற்குள் பில் வந்துவிடும். கை கழுவிவிட்டுத் திரும்பினால் மேசை துடைத்து அடுத்த ஆள் இருப்பார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மலிவாகச் சாப்பாடு கொடுக்கிற கடையில் கதிரை சுழலத்தான் வேண்டும். அந்த மலிவை நம்பித்தான் அறையெடுத்துப் படிக்கிற பிள்ளைகளும் கந்தோர்ப் பொடியன்களும் இந்த நகரத்தில் சீவிக்கிறார்கள். ஆனால் அங்கே ஒரு கதையைத் தொடங்கினால் முடிக்க முடியாது.

அதனாலோ என்னவோ, எங்களுடைய எழுத்துக்காரர்கள் கூடிக் கதைத்த இடங்கள் பெரும்பாலும் சாப்பாட்டுக் கடைகளாக இருக்கவில்லை. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் எழுத்தாளர் டொமினிக் ஜீவாவின் ஜோசப் சலூன் இருந்தது. 1966இல் மல்லிகை என்ற இலக்கிய இதழைத் தொடங்கி, முடி வெட்டுகிற அந்தக் கடையை வைத்துக்கொண்டே நடத்தினார். சலூன் என்றால் காத்திருக்க ஒரு வாங்கு இருக்கும். முறை வரும்வரை அதில் இருக்கலாம். முறை முடிந்த பிறகும் இருக்கலாம். ஏன் இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதழ் பிறகு கொழும்புக்கு வந்து ஸ்ரீ கதிரேசன் வீதியில் இருந்து வெளிவந்தபோதும் அந்த வாங்கின் குணம் அதனோடு வந்தது. பூபாலசிங்கம் புத்தகசாலையும் அப்படித்தான். அதன் யாழ்ப்பாணக் கடை, யாழ் நூலகம் எரிக்கப்பட்ட அதே 1981 ஜூன் நாட்களில் எரிந்தது. இன்று செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் உள்ள அதன் கடைகளில், வாங்குகிற எண்ணமே இல்லாமல் நின்று புரட்டுகிறவரை ஒருவரும் கலைப்பதில்லை. புதிதாக என்ன வந்திருக்கிறது, யார் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே நின்றபடிதான் தெரியவரும்.

அப்போ மண்டபங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கின்றன. 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் உங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான். நூலகம், மண்டபம், புதன்கிழமை அறிவோர் ஒன்றுகூடல் என்று அது செய்திருக்கிற வேலை பெரிது. இராமகிருஷ்ண மிஷன் மண்டபமும் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபமும் கதிரேசன் மண்டபமும் இருக்கின்றன. மண்டபத்துக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, முதற்பிரதி, பொன்னாடை. ஒரு எழுத்தாளருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்த மரியாதை கிடைக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். ஆனால் நேற்று இரவு எழுதிய, இன்னும் தலைப்புக்கூட வைக்காத ஒரு கவிதையை அந்த மேடையில் வாசிக்க முடியாது. "இந்த மூன்றாவது வரி எனக்கு விளங்கவில்லை" என்று முன்வரிசையில் இருந்து ஒருவர் கேட்கவும் முடியாது. அதற்குத்தான் உங்களைப் போன்ற கடை வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. எங்கள் வயதுக்காரருக்குக் கொழும்பில் நாலு பேர் கூடித் தமிழில் கதைப்பதே பயமாக இருந்த காலம் ஞாபகம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றிக் கொழும்பை விட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த வருடங்களில் வேலை முடிந்தால் நேராக வீடு, வீட்டுக்குள் போனால் கதவு. மண்டபக் கூட்டம் என்றாலும் இருட்டும் முன்னே முடியும். கதிரையில் சாய்ந்து சும்மா இருந்து கதைக்கிற பழக்கத்தையே ஒரு தலைமுறை இழந்துவிட்டது. இங்கிலாந்தில் 1675 டிசம்பரில் இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் கோப்பிக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லி ஆணை போட்டார். எதிர்ப்பு வந்து இரண்டு கிழமைக்குள் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. சனம் கூடி இருக்கிறதைப் பார்த்து ஆட்சிக்கு வருகிற பயம் பழையது. எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் திரும்ப வர வேண்டும் என்பது எனக்கு மிகவும் முக்கியமான விசயம்.

நாங்கள் செய்த பெரிய பிழையையும் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம், வியாபாரம் படுத்திருந்த நேரம், "ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பவர்கள் இன்னொரு ஓடர் தரவும்" என்று ஒரு மட்டையில் எழுதி ஒட்டினோம். சொன்னவன் நான்தான். அப்போது ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் தினமும் நாலு மணிக்கு வருவார். யன்னலோரக் கதிரை. ஒரு கோப்பி. பையிலிருந்து சிவப்பு போல்பொயின்ற் பேனையை எடுப்பார். இளம் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுக்கிற கதைகளைத் திருத்துவார், ஒற்று மிகுமிடம், மிகாவிடம், "இந்தப் பாத்திரம் ஏன் அழவில்லை?" என்ற கேள்வி, எல்லாம் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். வாசிக்கும்போது கோப்பி ஆறிவிடக் கூடாது என்று பீரிசை எடுத்துக் கோப்பையின் மேல் கவிழ்த்து வைப்பார். இரண்டு பக்கத்துக்கு ஒரு தடவை பீரிசைத் தூக்கி ஒரு மிடறு. மட்டை ஒட்டிய அன்று வந்தார், வாசித்தார், இன்னொரு கோப்பிக்குக் காசு வைத்துவிட்டு அதைக் குடிக்காமல் எழும்பிப் போனார். பிறகு வரவில்லை. மூன்று கிழமையில் மட்டையைக் கழற்றினோம். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்களில் கோபமில்லை, பிள்ளை. ஆனால் இனி அங்கே இருந்தால் நேரம் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்" என்றார். அவரோடு ஏழெட்டுப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க எங்களுக்கு ஒரு வருடம் பிடித்தது.

சரி, வாடகையை யார் கட்டுவது? எங்கள் கடையில் 22 கதிரை. சைவக் கடையில் ஒரு கதிரைக்கு இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு ஆள் மாறுவார். எங்கள் கடையில் ஒன்றரை மணித்தியாலம். அந்தக் கதிரையை வைத்துக் கடையைக் கொண்டுபோக முடியாது. நாங்கள் கடைசியில் பிடித்த வழி, உழைப்பைக் காலைக்குத் தள்ளியதுதான். காலை ஆறரை முதல் ஒன்பதரை வரை கதிரைகள் கவிழ்த்தபடி இருக்கும். முன் யன்னலில் பார்சல் மட்டும். கந்தோருக்கு ஓடுகிறவர்களுக்குக் கோப்பியும் இடியப்பப் பார்சலும், ரியூசனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு ரோல்சும் பற்றிசும். மத்தியானம் சோற்றுப் பார்சல். பிற்பகல் மூன்றுக்குப் பிறகு அந்தக் காசின் மேல் சாய்ந்துகொண்டு சனத்தை இருக்க விட்டோம். கொள்ளுப்பிட்டியில் பெயர்பெற்ற இரண்டு இடங்களும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் நிற்கின்றன என்று நினைக்கிறேன். பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட்டின் முற்றத்துக் கஃபே, முன்னால் கைத்தறித் துணி விற்கிற கடையோடும் ஓவியக் கூடத்தோடும் சேர்ந்தது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் பழைய கந்தோரில் 1998 முதல் இருக்கிற கேலரி கஃபேயும் பெரிய வியாபாரம் ஒன்றின் பகுதி. இரண்டையும் போய்ப் பாருங்கள். படம் எப்படித் தொங்குகிறது, முற்றம் எப்படிச் சனத்தைப் பிடித்து வைக்கிறது என்பதைக் கற்றுக்கொள்ளலாம். விலையையும் மொழியையும் அங்கிருந்து எடுக்காதீர்கள். உங்கள் ஒழுங்கையிலே தையல் கடை வைத்திருக்கிற அக்கா உள்ளே வரத் தயங்கினால் நீங்கள் சொல்கிற கடை அதுவல்ல.

இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. காலி வீதி முகப்பு வேண்டாம் என்று நீங்கள் எடுத்த முடிவு நல்லது. 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் ஹோர்ன் அடிக்கிற இடத்தில் கவிதை வாசிக்க முடியாது; முப்பது நாற்பது மீற்றர் உள்ளே போனாலே சத்தம் பாதியாகும். ஆனால் கடல் பக்கத்துக்கு இரண்டு தொல்லை உண்டு. பின்னேர வெயில் நேராக உள்ளே வரும். மேற்குச் சுவரில் யன்னல் இருந்தால் எதிர்ச்சுவரில் நீர்வர்ணப் படம் மாட்ட வேண்டாம். மற்றது உப்புக் காற்று. எங்கள் முதல் கண்காட்சியில் ஆணியெல்லாம் ஒரு மாதத்தில் துரு ஏறி, ஒரு பெண்பிள்ளையின் கோட்டுச் சித்திரத்தில் துருக் கறை வடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கூரையோரம் அலுமினியச் சட்டம் அடித்து, நைலோன் நூலில் தொங்கவிட்டோம். காகிதப் படம் என்றால் கண்ணாடிச் சட்டம் போட்டு, பின்பக்கம் ஒட்டி மூடி, மூன்று கிழமைக்கு மேல் வைக்க வேண்டாம். படம் விற்றால் கடைக்கு எவ்வளவு என்பதை மாட்டுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நாங்கள் பத்து வீதம் எடுத்தோம், மாணவரிடம் ஒன்றும் எடுக்கவில்லை.

நிகழ்ச்சிக்கு வருவோம். மாதம் ஒன்று போதும். ஆனால் அந்த நாள் மாறக் கூடாது. நாங்கள் போயா நாள், அதாவது பௌர்ணமி நாள், பின்னேரத்தை எடுத்தோம். எல்லோருக்கும் விடுமுறை, கலண்டரைப் பார்த்தாலே தெரியும், நோட்டீஸ் அடிக்கத் தேவையில்லை. தமிழ்ச் சங்கத்திலோ கோயிலிலோ அன்று ஏதாவது இருந்தால் எங்கள் நேரத்தைத் தள்ளினோம்; போட்டி போட எங்கள் சனத்தொகை போதாது. ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்தோம், கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிற பெண்பிள்ளைகள் பஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காக. மூன்று பேர் வந்த நாளும் உண்டு. அன்றைக்கும் நடத்தினோம். மைக் வைக்காதீர்கள். 22 கதிரைக்கு மைக் வைத்தால் வாசிக்கிறவர் பேச்சாளராகிவிடுவார், மற்றவர்கள் சபையாகிவிடுவார்கள். தலைமை வேண்டாம். பிரமுகரும் மற்றவர்களைப் போல் கோப்பையோடு இருக்கட்டும்.

2022 மார்ச் கடைசியில், நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாத அந்தக் கிழமையில், நிகழ்ச்சி ஏதும் இல்லாத ஒரு மாலையில் கடை நிறைந்தது. வீடுகளில் மின்விசிறி இல்லை. எங்களிடம் கடல் காற்று இருந்தது. அடுப்பு காஸ் முடிந்து கோப்பி விறகில் கொதித்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் தேவாரம் பாட, பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவர் தன் வயலினை எடுத்து வந்து சேர்ந்துகொண்டார். அவரைப் பத்து வருடமாகத் தெரியும், வயலின் வாசிப்பார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை ஒருவரும் ஒழுங்கு செய்யவில்லை. ஆனால் வருடக்கணக்காக அந்தக் கதவு திறந்திருந்தபடியால்தான் சனம் அங்கே வந்தது.

கடையில் வேலை செய்கிற பிள்ளைகளையும் இதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் தமிழ்க் கடைகளின் வேலை பெரும்பாலும் மலையகத்திலிருந்து வருகிற பொடியன்களின் கையில்தான் நடக்கிறது. எங்களிடம் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி இருந்தான். ஒரு போயா அன்று, தோட்டத்து வாழ்க்கை பற்றி நகரத்து நண்பர் ஒருவர் கவிதை வாசித்தார். அதில் பெரட்டுக்களத்தில் சனம் அந்தியில் கூடி ஆறுதலாகக் கதைப்பதாக ஒரு வரி. தட்டோடு நின்றவன் மெதுவாக, "ஐயா, பெரட்டு விடியக் காலையில. அங்க நிண்டு கதைக்க விடமாட்டாங்க, பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரிச்சு அனுப்பிருவாங்க" என்றான். கடை அமைதியாகிவிட்டது. நண்பர் தாளையும் பேனையையும் அவனிடம் நீட்டினார். அன்று முக்கால் மணித்தியாலம் அவன்தான் கதைத்தான். கோப்பியை நாங்கள் ஊற்றிக் கொடுத்தோம். அடுத்த மாதத்திலிருந்து நிகழ்ச்சி நேரத்தில் வேலைப் பிள்ளைகளுக்கும் கதிரை போட்டோம்.

கோப்பிக்கும் அவனுடைய ஆட்களுக்கும் உள்ள தொடர்பு உங்கள் கடைச் சுவரில் ஒரு மூலையிலாவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நாட்டின் மலைகளில் தேயிலைக்கு முதல் இருந்தது கோப்பி. அதைப் பறிக்கத்தான் தமிழ்நாட்டுச் சனம் மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தது. வழியில் செத்தவர்கள் கணக்கில்லை. மலையகத் தமிழில் முதலில் அச்சான நூல்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிற கோப்பிக் கிருஷிக் கும்மி 1869இல் வந்தது. அதே 1869இல்தான் இலைத்துரு நோய் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. கோப்பிக் கடை வைக்கிற தமிழருக்கு இதைவிடக் கிட்டின கதை வேறு இல்லை.

சட்டப் பக்கம் சுருக்கமாக. மாநகர சபை வியாபார உரிமம், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பரிசோதனை எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடகம் போட்டால், 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்றும் பிரதிக்கு அனுமதி எடுக்க வேண்டும். பிரதியை மாதக்கணக்கில் முன்னமே கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை அனுமதி கிடைக்காது, 2007இல் உயர் நீதிமன்றம் சொன்னது. நீங்கள் ஏழரைக்கு முடித்தால் அந்தப் பிரச்சினையே வராது. மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் ஏறியது எங்களை நன்றாகவே நெரித்தது. குளிரூட்டி போடாமல் யன்னலைப் பெரிதாக வையுங்கள்.

கடைசியாக, கோப்பி. மெஷின் கோப்பி வேண்டுமென்றால் வையுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். ஆனால் விலைப்பட்டியலின் முதல் வரியில் எங்கள் வீட்டு மல்லிக் கோப்பி இருக்கட்டும். நாங்கள் அரைக் கிலோ கோப்பிக்கொட்டைக்கு நூறு கிராம் மல்லி, ஒரு துண்டு வேர்க்கொம்பு, பத்துப் பதினைந்து மிளகு சேர்த்தோம். கொட்டையைத் தனியாகக் கறுக்க வறுத்து, இறக்கின பிறகு அந்தச் சட்டிச் சூட்டிலேயே மல்லியை வாசம் வர மட்டும் பிரட்டுங்கள். சேர்த்து வறுத்தால் மல்லி கருகிக் கசக்கும். ஒரு கிழமைக்குத் தேவையானதை மட்டும் இடியுங்கள், கடல் காற்றில் தூள் கட்டிபடும். பாலில்லாமல், பனங்கட்டித் துண்டு ஒன்றோடு கொடுங்கள். காகிதக் கோப்பை காலைப் பார்சலுக்கு மட்டும். பின்னேரத்தில் பீங்கான் கோப்பை, கட்டாயம் பீரிசோடு. வாசித்துக்கொண்டிருக்கிறவர் மூடி வைக்கட்டும்.